முழங்கைக்குக் கீழே ஒரு முறம்

இந்த வேகாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்றுதானே பார்க்கிறீர்கள்? அறந்தாங்கியில் ஏறியதிலிருந்து மூன்று முறை பார்த்துவிட்டீர்கள். பரவாயில்லை சார், எல்லோரும்தான் பார்க்கிறார்கள். கையை மடித்துவிட்டால் காற்று வரும். கூடவே கேள்வியும் வரும். நீங்கள் தஞ்சாவூர் வரைக்கும்தானே? அப்படியானால் சொல்கிறேன். ஊர்க்காரனிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள்.

என் பெயர் கலைக்கோவன். மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் இருந்தேன். கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விசா புதுப்பிப்பார்கள். அப்படியே இரண்டிரண்டு வருஷமாகப் பதினெட்டு போயிற்று. அதில் ஒரு பழக்கம் வந்துவிட்டது சார். எதையும் நிரந்தரமாகச் செய்துகொள்ள மாட்டேன். இன்றைக்கும் வாடகை வீடுதான். நம்மால் பின்வாங்க முடியாத காரியத்தில் நாம் இறங்கக்கூடாது, அவ்வளவுதான் என் கொள்கை. இதைக் கோழைத்தனம் என்று என் மனைவி புனிதவல்லி சொல்வாள். நான் நிதானம் என்று சொல்வேன்.

ஊருக்கு வந்து கட்சியில் சேர்ந்தேன். எங்கள் கட்சிச் சின்னம் முறம். சிரிக்காதீர்கள். பதரைப் புடைத்துத் தள்ளும் சின்னம் என்று தலைவர் மேடைக்கு மேடை விளக்குவார். தமிழிலும் இங்கிலீஷிலும் மனு எழுத ஆள் இல்லாமல் இருந்த கட்சி அது. எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷத்தில் பதினோராவது வார்டு எனக்குத்தான் என்று மாவட்டம் வாய்விட்டே சொல்லிவிட்டார். மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர் திருஞானம். எங்கள் கட்சியில் ஆளைப் பதவியால்தான் கூப்பிடுவோம். மாவட்டம் வந்தாரு, மாவட்டம் சாப்பிட்டாரு, மாவட்டத்துக்கு வயிறு சரியில்லை, இப்படி.

தை மாதம் தலைவர் பிறந்த நாள். அதற்கு மாவட்டம் ஒரு யோசனை பண்ணினார். கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு, வார்டு கேட்கிற ஒவ்வொருவனும் இடது கையில் முறத்தைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும். ஊசியால். நூற்றிருபது பேர் வரிசையில் நின்றார்கள். நான் சர்க்கரை கூடிவிட்டது என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள் சார், கட்சி என்பது என்ன? நாளைக்குத் தலைவரே கூட்டணிக்காகச் சின்னத்தை விட்டுக்கொடுப்பார். அன்றைக்கு என் கையில் உள்ள முறத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அப்போதுதான் வினோதா ஞாபகம் வந்தது. என் மனைவிக்குச் சித்தி மகள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் மாடியில் பார்லர் வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுவதில் கைகாரி. முறத்தை மருதாணியில் போட்டுவிட்டால்? பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். பிறகு போய்விடும். தேவைப்பட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். விசா மாதிரி.

போய்ச் சொன்னேன். சிரித்தாள். "அத்தான், மருதாணி செவக்கும். பச்ச குத்துனா கருப்பால்ல இருக்கும்? கலியாணப் பொண்ணு கணக்கா செவந்த கையத் தூக்கிக்கிட்டு மாவட்டத்துக்கு முன்னாடி போய் நிப்பீங்களா?"

அதற்கும் என்னிடம் வழி இருந்தது. மஸ்கட்டில் பெண்கள் கன்னங்கரேலென்று மருதாணி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் தலைச்சாயம் கலப்பார்கள் என்று எங்கள் கேம்ப் சமையல்காரர் சொல்லியிருக்கிறார். நான் மீசைக்குப் போடுகிற டை பாக்கெட் இரண்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அய்யோ, அது தோலுக்கு இல்ல அத்தான். பயிற்சியிலயே அடிச்சுச் சொன்னாங்க. முடிக்குப் போடறதுக்கே காதுக்குப் பின்னால ஒரு சொட்டு வச்சு ரெண்டு நாள் பாக்கணும்னு அட்டையிலயே போட்ருக்கான். படிங்க."

"ரெண்டு நாளெல்லாம் நமக்கு இல்லம்மா. நாளைக்கு மாவட்டம் வீட்டுக்கு வர்றாரு."

"என்னால கலக்க முடியாது."

"நீ கலக்க வேணாம். நான் கலக்குறேன். நீ வரை."

வரைந்தாள். எப்படி வரைந்தாள் என்கிறீர்கள்! விளிம்பு தனியாக, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் தனியாக. இரண்டு கையிலும் கையுறை மாட்டிக்கொண்டுதான் மருதாணிக் கோனைப் பிடித்தாள். நான் அதைத் தொழில் சுத்தம் என்று நினைத்துப் பாராட்டினேன்.

மறுநாள் மாவட்டத்திடம் கையைக் காட்டினேன். "திருச்சியில் போட்டுக்கொண்டேன் அண்ணே, அங்கே ஊசி சுத்தமாக இருக்கும்" என்றேன். தடவிப் பார்த்தார். "எங்க கையில குத்துனவன் முறத்தக் கூட எலிப்பொறி மாதிரி குத்தி வச்சிட்டான். ஒன்னுதுதான்யா முறம்" என்றார். பன்னிரண்டு நாள் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை சார். ஒரு சின்ன அரிப்புகூட இல்லை. வினோதாவிடம் போய், "பார்த்தாயா?" என்று கேட்டேன்.

அழிந்த பிறகு முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். மாசியில் மாவட்ட மாநாடு. இரண்டாம் தடவை. அப்போது அரித்தது. முறம் இருந்த இடம் லேசாகத் தடித்துச் சிவந்தது. வெயில் என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவினேன், போய்விட்டது.

சித்திரையில் தலைவர் சுற்றுப்பயணம். வார்டு முடிவாகிற நேரம். வியாழக்கிழமை மூன்றாம் தடவை போட்டேன். இந்தத் தடவை கருப்பு இன்னும் அழுத்தமாக இருக்கட்டும் என்று மூன்று பாக்கெட். வினோதா, "அத்தான், போன தடவ ஏதாச்சும் பண்ணுச்சா?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லை" என்றேன். அவள் கேட்ட கேள்விக்கு அரிப்பைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதுகூடச் சொல்கிறேன் சார், அவள் சரியாக எச்சரிக்கவில்லை. எச்சரிக்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கை எரிந்தது. சனிக்கிழமை காலையில் எழுந்து பார்க்கிறேன், முறம் அப்படியே கையை விட்டு எழும்பி நிற்கிறது. கோடு போன இடமெல்லாம் கொப்புளம். பின்னலில் ஒரு இழை விடாமல், முறத்தில் நெல்லைக் கொட்டிப் பரப்பியது மாதிரி வரிசையாகக் கொப்புளம். கோடு இல்லாத இடத்தில் தோல் வீங்கித் தக்காளி மாதிரி இருக்கிறது. புனிதவல்லி பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். "கூட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஆஸ்பத்திரிக்கு நடங்க" என்றாள். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

மேடையில் மூன்றாவது வரிசை. தலைவர் வந்தார். மாவட்டம் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்திக்கொண்டே வந்து, என் முறை வந்ததும், எல்லோருக்கும் செய்தது போலவே என் இடது கையைப் பிடித்து, சட்டையை மேலே தள்ளி, தூக்கினார். அவர் பிடித்த பிடியில் நாலைந்து உடைந்தன. மஞ்சளாக நீர் முழங்கை வழியே ஓடியது.

தலைவர் முகத்தைச் சுளித்து, "என்னய்யா இது?" என்றார்.

மாவட்டம் என் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு விநாடி. அரசியலில் முப்பது வருஷம் இருப்பவருக்கு ஒரு விநாடி போதும் சார். மைக்கைப் பிடித்தார். "தலைவரே! ஊசியில குத்துனது பத்தாதுன்னு, அது மேலயே சூடு போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான் எங்க கலைக்கோவன்!"

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. தலைவர் கண்கலங்கி, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் சுற்றினார். விசில் என்றால் விசில். பெண்கள் குலவை போட்டார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் வாயையே திறக்கவில்லை. திறந்திருந்தால் வலியில் கத்தியிருப்பேன், அதனால் திறக்கவில்லை. மறுநாள் ஊர் முழுக்கச் சுவரொட்டி. 'சூடு ஏற்ற செம்மல்' என்று.

திங்கட்கிழமை புனிதவல்லி இழுத்துக்கொண்டு போய்த் தஞ்சாவூரில் காட்டினாள். டாக்டர் மெஹருன்னிசா. தோல் டாக்டர். சின்னக் கட்டடம்தான், ஆனால் கெட்டிக்காரி. ஒரே பார்வை பார்த்துவிட்டு, "கருப்பு மருதாணியா?" என்று கேட்டாள். நான் புனிதவல்லியைப் பார்த்தேன்.

"எத்தனாவது தடவ?"

"மூணு, டாக்டர்."

"மொதத் தடவ ஒண்ணும் பண்ணியிருக்காது. அப்பத்தான் உடம்பு அந்தச் சாயத்த எதிரின்னு அடையாளம் வச்சுக்கும். அடுத்தடுத்த தடவ வரும்போது சண்டைக்கு வந்துரும். மருதாணி பாவம், அது ஒண்ணும் பண்ணல. நீங்க கலந்த தலைச்சாயம்தான். இனிமே தலைக்கு, மீசைக்கு, எதுக்கும் டை போடக்கூடாது. மூஞ்சி வீங்கிரும்."

"எத்தனை வருஷத்துக்கு டாக்டர்?"

"ஆயுசுக்கும்."

நிரந்தரம் என்கிற சொல்லை என்னிடம் முதல்முதலாகச் சொன்னது அந்த அம்மாதான் சார். மாத்திரை கொடுத்தாள், களிம்பு கொடுத்தாள். "வேற யாராவது இந்த மாதிரி போட்ருந்தா கூட்டிட்டு வாங்க" என்றும் சொன்னாள். ஒன்பது நாளில் ஆறிவிட்டது. ஆறினதும் அந்த இடம் வெளுத்துவிட்டது. கருப்பாக இருந்த முறம் வெள்ளையாகிவிட்டது. அது போக மாதக்கணக்கில் ஆகும், போகாமலும் இருக்கலாம் என்றாள். எல்லோருக்கும் ஊசி முறம், எனக்கு மட்டும் வெள்ளை முறம். பார்க்கிறவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் காசிலிங்கம் வருகிறான். என் வயிற்றெரிச்சல் முழுக்க இவன்தான். எங்கள் அறந்தாங்கி பைபாஸ் பக்கம் வெல்டிங் பட்டறை. முப்பத்து நாலு வயசு, இரண்டு பெண் பிள்ளைகள். அதே பதினோராவது வார்டில் கிளைச் செயலாளர். கட்சிக்காகப் போஸ்டர் ஒட்டினவன், கம்பம் நட்டவன். அதெல்லாம் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, கையப் பாக்கலாமாண்ணே?"

காட்டினேன். கிட்டே குனிந்து பார்த்தான். வெல்டிங்காரன் இல்லையா, பற்று வைத்த இடத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "எவ்ளோ நேர்த்தியா இருக்கு" என்றான். பிறகு, "வலிச்சுதாண்ணே?" என்று கேட்டான்.

புனிதவல்லி தேநீரை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். "தம்பி, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"புனிதா, அடுப்புல பால் பொங்குது பாரு" என்றேன்.

அடுப்பில் பால் இல்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நான் காசியிடம் சொன்னேன்: "மனசுல தலைவர் இருந்தா கை வலிக்காது காசி."

வேறு என்ன சொல்வது? கேட்டான், சொன்னேன். ஒரு தொண்டன் வீடு தேடி வந்து கேட்கும்போது அவன் உற்சாகத்தைக் கெடுக்கலாமா? நான் அவனைச் சூடு போட்டுக்கொள் என்று சொன்னேனா? சத்தியமாக இல்லை. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசலில் என் காலைத் தொட வந்தான். நான் தடுத்துவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கு அடக்கம் உண்டு.

நாலாம் நாள் அவன் பட்டறையில் கம்பியை வளைத்து முறம் மாதிரி செய்து, காய்ச்சி, கையில் வைத்துக்கொண்டான். அவன் மனைவி தெருவில் ஓடிவந்து அலறினாள் என்று கேள்விப்பட்டேன்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன் சார். அரசு மருத்துவமனையில் படுத்திருந்தான். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு எல்லாம் வாங்கிக்கொண்டுதான் போனேன். கட்டுப் பிரிக்கிற நேரம். உண்மையைச் சொன்னால், அவ்வளவு ஒழுங்காக வரவில்லை. ஒரு மூலை கோணலாக, ஒரு பக்கம் ஆழமாக. என்னுடையதில் பின்னல்கூடத் தெரியும். காசி என்னைப் பார்த்துச் சிரித்து, "பொறுத்துட்டேண்ணே" என்றான். அவன் மனைவி என்னைக் கும்பிட்டாள். ஏன் கும்பிட்டாள் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் சங்கடமாக இருந்தது. அதனால் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் வேட்பாளர் நேர்காணல். தலைவரே கேள்வி கேட்பார். தலைவருக்கு முன்னால் நரைத்த மீசையோடு நிற்க முடியுமா? டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அம்மா தோல் டாக்டர். மீசை என்பது முடி. கை வேறு, மீசை வேறு. இருபது வருஷமாகப் போடுகிறேன், ஒன்றும் செய்ததில்லை. முந்தின நாள் காலையில் மெல்லிசாக, ஒரே ஒரு பூச்சு.

நேர்காணல் அன்று காலையில் கண் திறக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை சார், திறக்க முடியவில்லை. மேலுதடு மூக்கைத் தொட்டது. இரண்டு கண்ணும் கோடாகிவிட்டன. கண்ணாடியில் பார்க்கக்கூட ஒரு இமையை விரலால் பிரிக்க வேண்டியிருந்தது. புனிதவல்லி ஆட்டோ பிடித்து ஊசி போட அழைத்துப் போனாள். திரும்பி வரும்போது, "அந்தத் தம்பிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். தேர்தல் முடியட்டும் என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

நேர்காணலுக்குக் காசி போயிருக்கிறான். கட்டோடு. தலைவர் கட்டைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பச்சைப் புண். என்னுடையது ஆறிப்போன பழைய கதை. கேட்க வேண்டுமா? பதினோராவது வார்டு காசிலிங்கத்துக்கு.

இப்போது சொல்லுங்கள். இது நியாயமா? என் யோசனையைப் பார்த்துச் செய்தவன் அவன். முதலில் செய்தவன் நான். மஸ்கட்டில் இப்படி ஒருவன் இன்னொருவன் வடிவமைப்பைக் காப்பி அடித்தால் வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள். இங்கே வார்டு கொடுக்கிறார்கள். அதற்கு மேல், நாளை மறுநாளிலிருந்து இரண்டு பேரும் கையைக் காட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டுக் கேட்க வேண்டுமாம். மாவட்டத்தின் உத்தரவு. இவனுக்காக நான் கையைக் காட்டுவதா? அதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டி, இந்த வெள்ளை மறைய ஏதாவது களிம்பு இருக்கிறதா என்று கேட்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒரு நிமிஷம் சார், போன். பாருங்கள், அவனேதான்.

"சொல்லு காசி. பஸ்ல இருக்கேன்... ஆங்... காய்ச்சலா? எப்பலேர்ந்து? ...வெரல் மடக்க வரலியா? எந்த வெரல்? ...ரெண்டுமா. சரி சரி, பதறாத. ...எனக்கா? எனக்கு ஒம்போது நாள்ல ஆறிருச்சு. ஆமா, ஒம்போது நாள். ...இல்ல, வாடையெல்லாம் வரல. ...டாக்டரா? எந்த டாக்டர்? ...ஓ, நான் காட்டுன டாக்டரா. அவங்க... அவங்க வெளிநாடு போயிட்டாங்க காசி. ஆறு மாசம் ஆகும்னு சொன்னாங்க. ...பேரு இப்ப ஞாபகம் வரல. நீ அங்கயே கட்டுப் போடு. தைரியமா இரு. வேட்பாளர் இல்லியா நீ... வச்சுர்றேன்."

பாவம், பயந்த சுபாவம்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்த அம்மாவிடம் இவன் போனால், சூட்டுக் காயத்தைப் பார்த்ததும் ஏன் வைத்தாய், யாரைப் பார்த்து வைத்தாய் என்று கேட்பாள். இவன் என் கையைச் சொல்வான். அவள் மருதாணியைச் சொல்வாள். எனக்காகக்கூட இல்லை சார், கட்சிக்குத்தான் கேவலம். அவன் கவுன்சிலர் ஆகப் போகிறவன், அவனுக்கு ஆயிரம் டாக்டர் கிடைப்பார்கள்.

ஒரத்தநாடு வந்துவிட்டது. ஏன் பையை எடுக்கிறீர்கள்? தஞ்சாவூர் என்றல்லவா டிக்கெட் வாங்கினீர்கள்? அறந்தாங்கிக்கே திரும்பவா? எதையாவது மறந்துவிட்டு வந்துவிட்டீர்களா?

பட்டறையா? காசி பட்டறை பைபாஸில், பெட்ரோல் பங்க் தாண்டி இடது கைப் பக்கம், நீலத் தகரக் கொட்டகை. அதற்குப் பின்னால்தான் வீடு. கேட் செய்யவா சார்? நல்ல வேலைக்காரன், ஆனால் இப்போது கை இருக்கிற இருப்பில் எடுப்பானா என்று தெரியவில்லை. எதற்கும் போய்ப் பேசிப் பாருங்கள். ஆள் தெரியாதவர் என்று யோசிப்பான். கலைக்கோவன் அனுப்பினார் என்று சொல்லுங்கள், உடனே உட்காரவைத்துக் கேட்பான்.